ஒற்றைக் குதிரையின் பாசம்

குதிரை வளர்க்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையில் வரும் குதிரை வளர்த்தவரின் காலடி ஓசையைத் தெருமுனையிலேயே கண்டுகொள்ளும். அவர் வெளியூர் போய்விட்டால் கொள்ளைத் தொடாது. வேறு யாராவது ஏற முயன்றால் உதறித் தள்ளிவிடும். சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு உறுத்தலாக இருப்பது அதிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவு: குதிரைக்குத் தன் இனத்தைவிட மனிதனைத்தான் அதிகம் பிடிக்கும் என்பது. இதைப் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னவர்களில் அநேகமாக எல்லோருமே ஒரே ஒரு குதிரை வைத்திருந்தவர்கள் என்பது வெகுநாள் கழித்தே எனக்கு உறைத்தது.

அப்படிப்பட்டவர்களில் ஒருவர் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் நண்பர். அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தையில், குதிரையின் முடிச்சுழி பார்த்துக் குணம் சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துப்போய், ஒரு செவலைப் பெண்குதிரையை வாங்கி வந்தார். கத்தியவார் இனத்தின் வழி வந்தவள் என்பதைக் காதைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். இரண்டு காதுகளும் உள்நோக்கி வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். நண்பரின் புல்லட் தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் திரும்பும்போதே அவள் கனைக்கத் தொடங்கிவிடுவாள். அவர் இறங்கி வேலிப்படலைத் திறந்தால், வைத்த கொள்ளைக்கூட அப்படியே விட்டுவிட்டு அவருடைய தோளுக்குப் பின்னாலேயே தோப்பு முழுக்க நடப்பாள். மோட்டார் அறைக்குள் அவர் நுழைந்துவிட்டால், வெளியே வரும்வரை வாசலிலேயே நிற்பாள். "என்னை விட்டா இவளுக்கு ஆருங்க இருக்கறா?" என்று அவர் பெருமையோடு கேட்பார். அந்தப் பெருமைக்குரிய வாசகமே ஒரு குற்றப்பத்திரிகையாகவும் இருக்கக்கூடும் என்று எனக்குப் பட்டது. ஆனால் நண்பரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தத் தோப்பில் வேறு சிலவும் கண்ணில் பட்டன. வேலியோரமாக அவள் நடந்து நடந்து, புல்லே முளைக்காத ஒரு தடம் விழுந்திருந்தது. காடியின், அதாவது தீனித் தொட்டியின், பலகை விளிம்பை முன்பற்களால் கவ்விக்கொண்டு, கழுத்தை வளைத்து, ஒருவித முனகலோடு காற்றை உள்ளே இழுப்பாள்; பலகை ஒரு பக்கம் பாதியாகத் தேய்ந்திருந்தது. முன்னங்கால்கள் இரண்டிலும், குளம்புக்கு மேலே உள்ள கணுவின் முன்பக்கத்தில், ஆறி ஆறி மறுபடியும் உரசிப் புண்ணாகும் தழும்புகள் இருந்தன. தோப்பில் கிடக்கும் கல்லில் இடித்துக்கொள்கிறாள் என்று நண்பர் நினைத்தார்; களிம்பு போட்டார்; ஆறும், திரும்ப வரும். ஒருமுறை அவர் இல்லாத நேரத்தில் நான் மட்டும் போயிருந்தபோது, என்னைக் கண்டும் அதே கனைப்புக் கனைத்து, அதே மாதிரி என் தோளுக்குப் பின்னால் நடந்தாள். நான் அவளுக்கு ஒரு பிடி புல் போட்டவன்கூட இல்லை. சுழி பார்க்க வந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன். "ஒத்தையா நிக்கற உசுருங்க தம்பி, ஆரு வந்தாலும் அதுக்கு ஒறவுதான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

கோடியக்கரையில்

மனிதனைச் சாராமல் வாழும் குதிரையைப் பார்க்க நாம் அமெரிக்கப் புல்வெளிக்கோ மங்கோலியாவுக்கோ போக வேண்டியதில்லை. வேதாரண்யத்துக்குத் தெற்கே, 1967இல் வெளிமான்களுக்காகச் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரையில், என்றோ யாரோ அவிழ்த்துவிட்ட வீட்டுக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் தலைமுறைகளாகத் தம் போக்கில் திரிகின்றன. பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையின் நெடுந்தீவிலும் அப்படித்தான். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்த அந்தத் தீவில், ஆளில்லாமல் விடப்பட்டவற்றின் சந்ததிகள் இன்றும் வாழ்கின்றன. இவற்றின் வாழ்க்கையைச் சுதந்திரத்தின் சொர்க்கம் என்று வருணிக்க நான் தயாராக இல்லை. நெடுந்தீவில் வறட்சிக் காலங்களில் தண்ணீரின்றிக் குதிரைகள் மடிந்ததுண்டு. கோடியக்கரையிலோ வெளிமானின் மேய்ச்சலுக்கு இவை போட்டி என்ற புகார் நெடுநாளாகவே இருந்து வருகிறது.

கோடியக்கரையின் புல்வெளியில் ஒரு மாலை முழுவதும் ஒரு சிறு கூட்டத்தைத் தள்ளி நின்று பார்த்தேன். ஓர் ஆண்குதிரை, சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் என்பதே குதிரைக் குடும்பத்தின் வழக்கமான அமைப்பு. இரண்டு மூன்று வயதானதும் இளம் குதிரைகள் பிறந்த கூட்டத்தை விட்டுப் பிரிந்துபோகும், இணை கிடைக்காத ஆண்கள் தமக்குள் ஒரு கூட்டமாகத் திரியும். இரண்டு பெட்டைகள் ஒன்றின் வாலுக்கு நேராக மற்றொன்றின் முகம் வருமாறு நின்று, ஒன்றின் முகத்தில் மொய்க்கும் ஈயை மற்றது வாலால் ஓட்டிக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் அதே இரண்டும் எதிரெதிராகத் திரும்பி, கழுத்தும் முதுகும் சேரும் மேட்டை ஒன்றுக்கொன்று பற்களால் சொறிந்துவிடத் தொடங்கின. ஒன்று நிறுத்தினால் மற்றதும் நிறுத்தும். ஒன்று இடம் மாற்றினால் மற்றதும் மாற்றும். குட்டி ஒன்று பக்கவாட்டில் கால்களை நீட்டிப் படுத்துவிட்டது. அதன் தாய் மேய்வதை நிறுத்திவிட்டு அருகிலேயே அசையாமல் நின்றது. நான் சற்று நெருங்கியதும் ஆண்குதிரை தலையைத் தாழ்த்தி, காதுகளைப் பின்னுக்கு மடித்து, பெட்டைகளை என்னிடமிருந்து எதிர்த்திசைக்குத் தள்ளிக்கொண்டு போனது. என்மேல் அவற்றுக்கு வெறுப்பும் இல்லை, ஆவலும் இல்லை.

இந்தச் சொறிதலையும் ஈயோட்டலையும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக் கூடாது. நியூசிலாந்தின் கைமனாவா மலைப்பகுதியில் திரியும் குதிரைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, 2009இல் வெளிவந்தது. இரத்த உறவு இல்லாத பெட்டைகளுக்கு இடையேகூட நெருக்கமான நட்பு இருக்கிறது என்றும், அந்த நட்பு வலுவாக உள்ள பெட்டைகளே அதிகம் குட்டி ஈனுகின்றன, அவற்றின் குட்டிகளே அதிகம் பிழைக்கின்றன என்றும் அது காட்டியது. நட்புள்ள பெட்டைகள் ஆண்குதிரைகளின் தொந்தரவுக்கு ஆளாவது குறைவு என்பது அவர்கள் கண்ட காரணங்களில் ஒன்று. தோழமை என்பது குதிரைக்கு வயிற்றுக்கும் வம்சத்துக்கும் தொடர்புள்ள காரியம்.

ஆனால் கோடியக்கரையை மட்டும் வைத்து வழக்கை முடித்துவிட முடியாது. அந்தக் குதிரைகள் மனிதனை அறிந்து அவனை வேண்டாமென்று ஒதுக்கியவை அல்ல. நண்பரின் செவலை குதிரைகளை அறிந்து அவற்றை ஒதுக்கியவளும் அல்ல. ஒரு பக்கம் மனிதன் இல்லை, மறு பக்கம் குதிரை இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் குதிரை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

மனிதன் ஒன்றுமில்லாதவன் அல்ல

மனிதனைக் குதிரை பொருட்படுத்துவதே இல்லை என்று சொல்வதும் தவறு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில், கோபமான மனித முகத்தின் புகைப்படத்தைக் காட்டியபோது குதிரைகளின் இதயத்துடிப்பு, சிரித்த முகத்தைக் கண்டபோது இருந்ததைவிட வேகமாக ஏறியதை 2016இல் பதிவு செய்தார்கள். ஜப்பானின் கோபே பல்கலைக்கழக ஆய்வில், தனக்கு எட்டாத வாளிக்குள் தீனி இருப்பதை அறிந்த குதிரைகள், பக்கத்தில் நின்ற பராமரிப்பாளரைப் பார்த்தும் மூக்கால் தொட்டும் உதவி கேட்டன. நம் முகத்தையும் கையையும் அவை இவ்வளவு கூர்ந்து படிக்கின்றன என்றால் நாம் அவற்றுக்கு முக்கியமானவர்கள்தான். ஆனால் முக்கியமானவர் என்பதும் பிரியமானவர் என்பதும் ஒன்றல்ல. அலுவலகத்தில் மேலாளரின் முகத்தை நாம் எவ்வளவு கவனமாகப் படிக்கிறோம் என்பதை யோசித்தால் போதும்.

ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நண்பரின் தோப்பில் நான் கண்டதற்கு வெகு அருகில் வந்தது. குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அளக்கும் சோதனையைக் குதிரைக்கு ஏற்ப மாற்றி, குதிரையை ஓரிடத்தில் விட்டு, சொந்தக்காரரையும் அறிமுகமில்லாத ஒருவரையும் மாறி மாறி உள்ளே அனுப்பினார்கள். தனியாக விடப்பட்டபோது குதிரையின் இதயம் வேகமாகத் துடித்தது. ஆள் யாராவது உள்ளே வந்தால் தணிந்தது. சொந்தக்காரர் வந்தாலும் அந்நியர் வந்தாலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெரியவர் வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னதை அவர்கள் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள்.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பிரான்சின் கமார்க் குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துவிடும்போது அந்தக் குறிப்பிட்ட மேட்டை ஏன் தேடிப் போகின்றன என்பதை அறிய, 1993இல் வெளியான ஆய்வில், மனிதக் கையாலேயே அந்த இடத்தைச் சொறிந்து பார்த்தார்கள். குதிரையின் இதயத்துடிப்பு பத்து சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. உடலின் வேறிடத்தில் சொறிந்தபோது அப்படி இறங்கவில்லை. குதிரையின் பல் செய்யும் வேலையைச் செய்யும் தகுதி மனிதக் கைக்கும் இருக்கிறது என்பது இதில் எனக்குத் தெரிந்த நல்ல செய்தி. ஆனால் நாம் செய்வது என்ன? குதிரையின் கழுத்தில் படபடவென்று தட்டிக் கொடுக்கிறோம். எந்தக் குதிரையும் இன்னொரு குதிரையைத் தட்டுவதில்லை. யாராவது சரியான இடத்தில் சொறிந்துவிட்டால், குதிரை மேலுதட்டை நீட்டி, பதிலுக்கு நம் தோளையோ முதுகையோ சொறியப் பார்க்கும். குதிரைகளுக்கிடையே அதுதான் மரியாதை. நாமோ கடிக்க வருகிறது என்று மூக்கில் ஓர் அடி கொடுக்கிறோம். நண்பரும் கொடுத்திருக்கிறார்.

சின்ன யானையில் வந்தவன்

உதகையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து ஓய்ந்துபோன ஒரு மட்டக்குதிரை சும்மா கிடைப்பதாகப் பெரியவர் தகவல் கொண்டுவந்தார். காயடிக்கப்பட்ட ஆண், வயதானது, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சேணம் அழுத்திப் புண்ணாகி ஆறிய இடங்களில் வெள்ளை முடி முளைத்திருந்தது. நண்பருக்கு அதில் விருப்பமில்லை, பெரியவர் விடவில்லை. சின்ன யானை வண்டியில் கயிறு கட்டி அதை ஏற்றிக்கொண்டு வந்து தோப்பில் இறக்கிய அன்று நானும் இருந்தேன்.

வண்டி வாசலுக்கு வருமுன்பே செவலைக்கு வாடை எட்டிவிட்டது. வாலைத் தூக்கிக்கொண்டு, தரையில் கால் பாவாமல் வேலியோரமாக ஓடினாள், நின்றாள், அவளிடம் நாங்கள் அதுவரை கேட்டிராத உரத்த கனைப்பு ஒன்று கனைத்தாள். பெரியவர் சொற்படி இரண்டையும் உடனே சேர்க்காமல், நடுவில் மூங்கில் தடுப்பு வைத்தோம். தடுப்புக்கு மேலாக மூக்கோடு மூக்கு வைத்து, ஒன்றின் மூச்சை மற்றொன்று இழுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றன. திடீரென்று அவள் கீச்சிட்டு முன்னங்காலால் தரையை அடித்தாள். நண்பர் பதறி ஓடினார். "உடுங்க, பேசிக்குதுங்க" என்றார் பெரியவர். மறுபடி மூக்கோடு மூக்கு, மறுபடி கீச்சு. பொழுது சாயும்போது இரண்டும் தடுப்பின் இரு பக்கமும் ஒரே திசை பார்த்து நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. காற்றை விழுங்கும் முனகல் அன்று கேட்கவில்லை.

தடுப்பை எடுத்துச் சில நாட்கள் ஆன பின், நடுப்பகலில் நண்பரிடமிருந்து அலைபேசி வந்தது, குரல் நடுங்கியது. செவலை தோப்பின் நடுவே பக்கவாட்டில் விழுந்து கிடக்கிறாள், கால்கள் உதறுகின்றன, மருத்துவரைக் கூப்பிட்டிருக்கிறேன் என்றார். மட்டக்குதிரை என்ன செய்கிறது என்று கேட்டேன். பக்கத்தில் சும்மா நிற்கிறது என்றார். சற்று நேரத்தில், அவரே சிரித்துக்கொண்டு மறுபடி அழைத்தார். அவள் எழுந்து உடலைச் சிலிர்த்துக்கொண்டு மேயப் போய்விட்டாளாம். அவள் தூங்கியிருக்கிறாள். வாங்கி வந்த நாளிலிருந்து அவள் முழுதாகப் படுத்துத் தூங்கி அவர் பார்த்ததே இல்லை.

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அது பாதித் தூக்கம். கண்விழி உருளும் ஆழ்ந்த தூக்கத்துக்குத் தசைகள் தளர வேண்டும், அதற்கு அது படுத்தே ஆக வேண்டும். இரையாக வாழ்ந்து பழகிய விலங்கு, காவலுக்கு ஒன்று விழித்து நிற்கும்போதுதான் அச்சமின்றிப் படுக்கும். தனியாக இருக்கும் குதிரை படுக்க அஞ்சி நின்றபடியே ஆழ்ந்த தூக்கத்துக்குள் சரிந்தால், முன்னங்கால் மடங்கி, கணு தரையில் உரச, திடுக்கிட்டு எழும். செவலையின் கணுவில் இருந்த தழும்பு கல்லில் இடித்த தழும்பு அல்ல, அவள் தூங்காத இரவுகளின் தழும்பு. நண்பர் அவளோடு காலையிலும் மாலையிலும் இருந்தார், உண்மையான பிரியத்தோடு இருந்தார். இரவானால் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினார். மனிதத் தோழமையின் எல்லை எங்கே முடிகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எந்த ஆய்வும் சொன்னதில்லை. அந்தப் புண்கள் அதன்பின் களிம்பில்லாமலே ஆறின.

நண்பருக்கு வேறொரு புண். இப்போது புல்லட் மண்பாதையில் திரும்பினால், செவலை தலையை மட்டும் தூக்கி, ஒரு காதைத் திருப்பிவிட்டு, மறுபடி புல்லில் வாய் வைத்துவிடுகிறாள். "மறந்துட்டாளுங்க" என்றார், பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பாவின் குரலில். நான் ஆறுதல் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்து, கிணற்று மேட்டில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, மட்டக்குதிரையை மேய்ச்சலிலேயே விட்டுவிட்டு அவள் மட்டும் வந்தாள். கையில் கொள்ளும் இல்லை, வெல்லமும் இல்லை. நண்பரின் பக்கத்தில் வந்து நின்று, சொறியத் தோதாக முதுகு மேட்டைத் திருப்பிக் காட்டினாள். அவர் சொறிந்தார். அவள் உதட்டை நீட்டி அவர் சட்டைக் காலரைக் கவ்வினாள். இந்த முறை அவர் அடிக்கவில்லை. நானும் பக்கத்தில்தான் இருந்தேன், என்னை அவள் பொருட்படுத்தவேயில்லை. முன்பு யார் வந்தாலும் பின்னால் நடந்தவள் இப்போது ஆள் பார்த்து வருகிறாள். எனக்குத் தெரிந்தவரை, அவருடைய குதிரை அவரைத் தேடி வந்தது என்று அன்றுதான் சொல்ல முடியும். அதற்கு முன் நடந்ததையெல்லாம் தனிமைக்குப் பயந்து ஓடி வந்ததாகத்தான் கணக்கு வைக்க வேண்டும்.

ஆகவே, குதிரைக்கு யாரைப் பிடிக்கும் என்ற கேள்வியைப் போட்டியாக வைப்பதே சரியில்லை என்பது என் கட்சி. குதிரையின் தேவை குதிரை. அது தீர்ந்த பிறகே மனிதன்மேல் அதற்கு விருப்பமோ விருப்பமின்மையோ உண்டாக இடம் இருக்கிறது. தாயை இழந்து, குதிரை முகமே பார்க்காமல் புட்டிப்பாலில் வளரும் குட்டிகள் விதிவிலக்காகத் தோன்றலாம். ஆனால் அவை பெரிதானதும் குதிரைக் கூட்டத்தில் நடந்துகொள்ளத் தெரியாமல் அடி வாங்குகின்றன, மனிதரிடமோ குதிரையிடம் விளையாடுவதுபோலக் காலைத் தூக்கிப் போட்டுக் காயப்படுத்துகின்றன. ஸ்விட்சர்லாந்தில் 2008 முதல் இது சட்டமாகவே இருக்கிறது: ஒவ்வொரு குதிரைக்கும் இன்னொரு குதிரையைப் பார்க்கவும் கேட்கவும் மோப்பம் பிடிக்கவும் வாய்ப்பு இருந்தாக வேண்டும். நம் ஊரில் சட்டம் இல்லாத காலத்திலும் அது தானாகவே நடந்தது. ரயிலடியில் வரிசையாக நின்ற ஜட்காக் குதிரைகள் பாரம் இழுத்தன, சவுக்கடி பட்டன, வெயிலில் காய்ந்தன. ஆனால் ஒரு சவாரிக்கும் அடுத்த சவாரிக்கும் இடையில் பக்கத்துக் குதிரையின் கழுத்தில் தாடையை வைத்துக்கொள்ள முடிந்தது. இன்று பண்ணைவீட்டு வாசலில் அழகுக்கு நிற்கும் ஒற்றைக் குதிரைக்கு வேளாவேளைக்குத் தீனியும் மின்விசிறியும் உண்டு, பக்கத்தில் இன்னொரு குதிரை மட்டும் இல்லை. பந்தயக் குதிரை லாயங்களில் பதற்றக்காரக் குதிரைக்குத் துணையாக ஓர் ஆட்டைக் கட்டி வைக்கும் வழக்கம் உண்டு. ஆட்டுக்குக்கூட இடம் கொடுக்கும் அந்த மனம் மனிதனுக்கும் கொடுக்கும்தான். அதனால் அந்த இடத்தை முழுவதுமாக நாமே அடைத்துக்கொள்ளலாம் என்று ஆகாது.

இதில் புதிய தொல்லையும் ஒன்று சேர்ந்திருக்கிறது. நண்பர் செவலைக்குச் சேணம் போட்டு வெளியே கிளம்பினால், தோப்பில் தனித்து விடப்படும் மட்டக்குதிரை ஊரே கேட்கும்படி கத்துகிறது. அதைக் கேட்டு அவளும் ஆழியாறு வாய்க்கால் திருப்பத்தைத் தாண்ட மறுத்து நின்றுவிடுகிறாள். இப்போதைக்குப் பெரியவரின் பேரன் மட்டக்குதிரையையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்கிறான். மூன்றாவதாக ஒன்று வந்துவிட்டால், ஒன்றை ஓட்டிப் போனாலும் இரண்டு துணையாக இருக்குமே என்கிறார் பெரியவர். கணக்கு சரிதான். நண்பரின் வீட்டில் மட்டும் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை.